இரண்டு ஆச்சிகளும் ஒரு வைத்தியமும்

வயதான பெண்களுக்கு எலும்பு மெலிந்து போனால் மருந்து முக்கியமா, எடை தூக்கும் பயிற்சி முக்கியமா என்று போன வாரம் வகுப்பில், பிசியோதெரபி படிக்கும் உங்களில் ஒருவர் என்னிடம் கேட்டீர்கள். இரண்டும் வேண்டும் என்று ஒரே வரியில் பதில் சொன்னேன். நீங்களும் தலையாட்டினீர்கள். வீட்டுக்குப் போன பிறகுதான் எனக்கு உறுத்தியது. இதே பதிலை, இதே மாதிரி ஒரே வரியில், முன்பு இரண்டு பேரிடம் சொல்லியிருக்கிறேன். அவர்களும் இப்படித்தான் தலையாட்டினார்கள். அதற்குப் பிறகு நடந்ததை உங்களிடம் சொல்லாமல் விடுவது சரியில்லை.

நான் ஓய்வு பெறும்வரை தென்காசியில் ஓர் எலும்பு மருத்துவமனையில் பிசியோதெரபிஸ்டாக இருந்தேன் என்பது உங்களுக்குத் தெரியும். ஆனால் அந்தச் சொல்லை வந்தவர்கள் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. எனக்கு அங்கே பெயர் ‘எக்சசைஸ் டீச்சர்’. சிலருக்கு வெறும் டீச்சரம்மா. “ரிப்போர்ட் கார்டு எப்பம் தருவிய?” என்று கேட்டுவிட்டுத் தானே சிரித்துக்கொள்ளும் பெரியவர்கள் நிறைய. போகப்போக நானும் மார்க் போட ஆரம்பித்துவிட்டேன்.

கோமதி ஆச்சியும் இசக்கி ஆச்சியும் அங்கேதான் எனக்கு அறிமுகம். அண்ணன் தம்பிக்கு வாழ்க்கைப்பட்டவர்கள். கோமதி ஆச்சி மூத்தவள், இசக்கி ஆச்சி இளையவள். இரண்டு பேருக்கும் அறுபத்தைந்தைத் தாண்டிய வயது. கணவன்மார் காலமாகிவிட்டார்கள். பிள்ளைகள் சென்னையிலும் கொச்சியிலும். குற்றாலத்தில் அருவிக்குப் போகும் பாதையில் இரண்டு பேரும் சேர்ந்து ஒரு நேந்திரங்காய் சிப்ஸ் கடை நடத்தினார்கள். பின்னாலேயே வீடு. பெரியவள் சிப்ஸ் போடுவாள், சின்னவள் காய் சீவுவாள். பெரியவள் விலை சொல்லுவாள், சின்னவள் பொட்டலம் கட்டுவாள். அந்த வீட்டுக்குள் கால் வைத்த நாளில் இருந்து எந்த வேலையையும் இரண்டு பேரும் சேர்ந்து செய்ததில்லை. பங்கு போட்டுத்தான் செய்திருக்கிறார்கள். இதை நான் முதலிலேயே கவனித்திருந்தால் இந்தக் கதை இத்தனை நீளம் ஆகியிருக்காது.

கோமதி ஆச்சி கடைக்குள் லேசாக வழுக்கிக் கையை ஊன்றியதில் மணிக்கட்டு முறிந்தது. பலமாக ஒன்றும் விழவில்லை. அப்படி விழுந்ததற்கு அந்த எலும்பு முறிந்திருக்கக் கூடாது என்று எங்கள் டாக்டருக்குப் பட்டது. மாவுக்கட்டு பிரித்த பிறகு எலும்பின் அடர்த்தியைப் பார்க்கும் ஸ்கேன் எழுதினார். துணைக்கு வந்த இசக்கி ஆச்சி, “அக்காவுக்கு எடுத்தா எனக்கும் எடுங்க. நாங்க ரெண்டு பேரும் ஒரே சோத்தைத்தான திங்கோம்?” என்றாள். அவள் கேட்டதிலும் நியாயம் இருந்தது. இரண்டு பேருக்கும் எடுத்தார்கள். இரண்டு பேருக்கும் எலும்பு மெலிந்திருந்தது. எவ்வளவு மெலிவு என்பதை ரிப்போர்ட்டில் மைனஸ் போட்ட எண்ணாக எழுதியிருந்தார்கள்.

ரிப்போர்ட்டோடு என் அறைக்குள் நுழைந்தபோது கோமதி ஆச்சி நடந்து வந்த தோரணையை என்னால் மறக்க முடியாது.

“எனக்கு மைனஸ் மூணு” என்றாள். “இவளுக்கு மைனஸ் ரெண்டரைதான்.”

“இவ்வோ எப்பவும் என்னை விட ஒரு படி மேலதான்” என்றாள் இசக்கி ஆச்சி, கொஞ்சம் தோற்றுப்போன முகத்தோடு.

நான் சிரித்தேன். டாக்டர் சொன்னதையே நானும் சொன்னேன். வாரத்துக்கு ஒரு மாத்திரை. காலையில் வெறும் வயிற்றில், ஒரு டம்ளர் நிறையப் பச்சைத் தண்ணீரோடு அப்படியே விழுங்க வேண்டும். விழுங்கிய பிறகு அரை மணி நேரம் படுக்கக் கூடாது. அதோடு கால்சியம். அதோடு பயிற்சி. மருந்தும் வேண்டும், பயிற்சியும் வேண்டும். இரண்டு பேரும் தலையாட்டினார்கள்.

பயிற்சி ஆரம்பித்த அன்றே கோமதி ஆச்சிக்கும் எனக்கும் வழக்கு. கையை ஊன்றாமல் நாற்காலியில் இருந்து எழுந்து நின்று, மறுபடி உட்கார வேண்டும் என்றேன்.

“எதுக்கு?”

“தொடைக்குப் பலம் வரும் ஆச்சி.”

“காலையில அடுப்புப் பத்த வச்சதுல இருந்து கடை அடைக்க வரைக்கும் நின்னுக்கிட்டேதான இருக்கேன். இருவது ரூவா குடுத்து பஸ் ஏறி இங்கன வந்தது செத்த நேரம் உக்காரலாம்னுதான். நீங்க மறுபடியும் நில்லுங்கிய.”

இசக்கி ஆச்சி அதற்குள் எழுந்து, உட்கார்ந்து, எழுந்து, உட்கார்ந்து, சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, “இன்னும் வேணுமா டீச்சரம்மா?” என்றாள். எடையைக் கொடுத்தால் வாங்கிக்கொண்டாள். கூட்டிக் கொடுத்தால் அதையும் வாங்கிக்கொண்டாள். பக்கத்துத் தடுப்பில் முட்டி வலிக்குக் கரண்ட் வைத்துக்கொண்டிருந்த ஓர் அண்ணாச்சி எட்டிப் பார்த்துவிட்டு, தன் முட்டியைத் தானே வெட்கத்தோடு தடவிக்கொண்டார். கோமதி ஆச்சி எடையை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, கைவலி, தோள்வலி, வெயில், அன்றைக்கு அமாவாசை என்று தினம் ஒன்று சொன்னாள். சோம்பல் என்று நினைத்தேன். வியாபாரத்தில் அத்தனை ஓடுகிறவளை எப்படிச் சோம்பேறி என்று நினைக்கத் தோன்றியது என்று இப்போது யோசித்தால் எனக்கே சிரிப்பு வருகிறது.

ஆனி பிறந்து சாரல் விழுந்தது. சீசன் வந்துவிட்டால் குற்றாலத்துக் கடைக்காரர்களுக்கு மற்ற எல்லாம் ஆடி முடிந்த பிறகுதான். “வீட்டுல வச்சே பண்ணிக்கிடுதோம்” என்று இரண்டு பேரும் விடைபெற்றுக்கொண்டார்கள். எடைக்கு என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். எலக்ட்ரானிக் தராசு வாங்கிய பிறகு சும்மா கிடக்கும் இரும்புப் படிக்கற்கள் அரைக் கிலோவில் இருந்து ஐந்து கிலோ வரைக்கும் இருக்கின்றன என்றாள் இசக்கி ஆச்சி. அவற்றைத் துணிப்பையில் போட்டுப் பிடித்துக்கொள்ளலாம் என்றேன். குனிந்து தூக்காதீர்கள், மேசை உயரத்தில் வைத்து எடுங்கள் என்றும் சொல்லி அனுப்பினேன்.

சில வாரங்கள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, எப்படிச் செய்கிறார்கள் என்று பார்க்க நானே கடைக்குப் போனேன். ஞாயிற்றுக்கிழமை சீசனில் குற்றாலத்துக்குப் போனது என் தப்பு. வழி முழுக்கக் கார். காருக்கு நடுவில் எண்ணெய் வழியும் உடம்போடு துண்டு கட்டிய மனிதர்கள். கடை வாசலில் ஈரத்தலையோடு ஒரு கூட்டம் சிப்ஸுக்குக் கை நீட்டிக்கொண்டிருந்தது.

இசக்கி ஆச்சி என்னைப் பார்த்ததும் ஓர் எண்ணெய் டின்னை, முழு டின்னை, இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு நடந்து காட்டினாள். முதுகு நிமிர்ந்திருந்தது. பாதம் பதிந்து விழுந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. “நூத்துக்கு நூறு” என்றேன்.

“பெரியாச்சி, நீங்க?” என்று திரும்பினேன்.

கோமதி ஆச்சி ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். கையை ஊன்றாமல் எழுந்திருக்கச் சொன்னேன். முடியவில்லை. முதல் நாள் எப்படி இருந்தாளோ அப்படியே இருந்தாள்.

“தினமும் பண்ணுதியளா?”

“பண்ணியாச்சு, பண்ணியாச்சு” என்று முந்திக்கொண்டு சொன்னாள் இசக்கி ஆச்சி. “ரெண்டு பேருக்கும் சேத்துக் காலையிலயே முடிச்சிட்டேன்.”

அந்த வார்த்தை என் காதில் விழுந்தது. ஆனால் அது என்ன என்று யோசிக்கும் முன்னால் கோமதி ஆச்சி நெஞ்சைப் பிடித்துக்கொண்டாள். முகம் வேர்த்திருந்தது. “எரியுது” என்றாள். “நாலஞ்சு நாளாவே இருக்கு. இன்னைக்கு ஜாஸ்தி.”

அடுத்த நிமிடம் கடை வாசல் முழுக்க வைத்தியர்கள். சோடா வாங்கிக் கொடுங்கள் என்றது ஒரு குரல். இஞ்சிச் சாறு என்றது இன்னொன்று. பெருங்காயத்தை மோரில் போட வேண்டும் என்று ஓர் அம்மாள் மோருக்கே ஆள் அனுப்பிவிட்டாள். சிப்ஸ் வாங்க நின்ற ஒருவர், “நகருங்க, நான் டாக்டர்” என்று கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். இடுப்பில் ஈரத் துண்டு, மேலெல்லாம் எண்ணெய். எனக்கு உயிர் வந்தது. அவர் ஆச்சியின் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு என் காதருகே குனிந்து, “மேடம், நான் கால்நடை டாக்டர். மாடுன்னா இந்நேரம் சொல்லிருவேன். இவங்களை உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருங்க” என்றார். அன்றைக்கு அங்கே கிடைத்ததிலேயே உருப்படியான ஆலோசனை அதுதான்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கிறேன். என் மனதில் அப்போது ஒரு யோசனை ஓடியது. வாரம் ஒரு முறை போடும் அந்த மாத்திரை சிலருக்கு உணவுக்குழாயைப் புண்ணாக்கும், எரிச்சல் வரும். இது அதுவாகத்தான் இருக்கும் என்று எனக்குக் கிட்டத்தட்ட நிச்சயம். மாத்திரையால் வந்த எரிச்சல்தான், பயப்படாதீர்கள் என்று சொல்லிவிட்டால் கூட்டம் கலையும், சீசன் வியாபாரம் கெடாது, ஆச்சியும் நிம்மதியாவாள். ஆனால் வயதான பெண் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வேர்க்கும்போது, கிட்டத்தட்ட நிச்சயம் என்பது நிச்சயம் இல்லை. நீங்கள் எத்தனை படித்திருந்தாலும் அந்த இடத்தில் கடைசிப் பதிலை ஈசிஜி சொல்லட்டும். சோடாவையும் மோரையும் தடுத்துவிட்டு ஆட்டோவைக் கூப்பிட்டேன்.

ஆட்டோ வந்தது. ஆனால் நகரவில்லை. முன்னால் ஒரு சுற்றுலா பஸ், பின்னால் இன்னொன்று. அப்போது அந்தக் கால்நடை டாக்டர் ஆட்டோவுக்கு முன்னால் போய் நின்று, துண்டை ஒரு கையால் இடுப்போடு பிடித்துக்கொண்டு, மறு கையால் ஆட்களை ஒதுக்கிக்கொண்டு, “ஓரம் போ, ஓரம் போ” என்று ஓட ஆரம்பித்தார். அவர் குரலும் கையும் பழக்கப்பட்டது மாட்டுக்கு என்றாலும் மனிதர்களும் விலகத்தான் செய்தார்கள். மெயின் ரோடு வரைக்கும் எங்களை ஓட்டிக்கொண்டு வந்து விட்டுவிட்டுக் கும்பிடு போட்டார். துண்டைப் பிடித்த கையை எடுக்க முடியாததால் அது ஒற்றைக் கைக் கும்பிடு.

தென்காசி போகும் வழியில்தான் நான் கேட்டேன். “சின்னாச்சி, ரெண்டு பேருக்கும் சேத்து முடிச்சிட்டேன்னா என்ன அர்த்தம்?”

இசக்கி ஆச்சி கோமதி ஆச்சியைப் பார்த்தாள். கோமதி ஆச்சி வெளியே பார்த்தாள்.

“சொல்லுங்க.”

“அக்காவுக்கு எக்சசைஸ் ஆவாது. எனக்கு மாத்திரை ஆவாது” என்றாள் இசக்கி ஆச்சி. “மாத்திரையைப் பாத்தாலே என் தொண்டை கதவைச் சாத்திக்கிடும். கல்யாணம் ஆன புதுசுல ஒருக்கா அடைச்சு, உயிர் போயி வந்தது. அதான் பேசி வச்சுக்கிட்டோம். அக்காவுக்குள்ள எக்சசைஸையும் நான் பண்ணிருதேன். எனக்குள்ள மாத்திரையையும் அவ்வோ போட்டுக்கிடுதாவ.”

எனக்குப் புரிய ஒரு கணம் ஆனது. “அப்போ இவங்க ஒரே நாள்ல ரெண்டு மாத்திரையா போடுதாங்க?”

“ஒண்ணு எனக்கு, ஒண்ணு அவளுக்கு” என்றாள் கோமதி ஆச்சி, நெஞ்சைத் தடவிக்கொண்டே. “ஒரு வீட்டுல ரெண்டு மருமவ. வேலையைப் பங்கு போட்டாத்தான குடும்பம் நடக்கும்?”

“உடம்பைப் பங்கு போட முடியாதே ஆச்சி!”

“ஏன்? நான் ஒருத்தி சமைச்சா வீடே திங்கலையா?”

ஆட்டோக்காரர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். அவருக்கும் அந்தக் கேள்விக்குப் பதில் தெரிய வேண்டி இருந்தது போல.

“சரி, மாத்திரை போட்ட பெறவு நிமிந்து உக்காந்தாவது இருந்தியளா?”

“இல்ல. படுத்துக்கிட்டேன்.”

“படுக்கக் கூடாதுன்னு சொன்னேனே!”

“நீங்க சொன்னிய. ஆனா நிமிந்து உக்காந்தா மாத்திரை நேரே காலுக்குல்லா எறங்கிரும்? டாக்டர் இடுப்பு எலும்பும் முதுகெலும்பும்தான் மோசம்னு சொன்னாரு. அதான் செத்த நேரம் மல்லாந்து படுத்தேன். முதுகுக்குச் சமமாப் பரவட்டும்னு.”

எனக்குக் கோபம் வந்தது, சிரிப்பும் வந்தது, இரண்டுக்கும் கீழே பயம் இருந்தது. ஒன்றையும் வெளியே காட்டவில்லை. கத்துவதற்கு நல்ல நேரம் என்று ஒன்று உண்டு என்றால் அது ஈசிஜி எடுத்த பிறகுதான்.

ஈசிஜி சரியாக இருந்தது. ரத்தப் பரிசோதனையும் இதயத்தில் ஒன்றும் இல்லை என்றது. எரிச்சல் உணவுக்குழாயில்தான். எங்கள் டாக்டருக்கு விஷயத்தைச் சொன்னபோது அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். அவர் நல்ல மனிதர், வேகமாகப் பேசுவார், கோபம் வந்தால் இன்னும் வேகமாகப் பேசுவார்.

“வாரத்துக்கு ஒண்ணுதானே சொன்னேன்?”

“எனக்கு வாரத்துக்கு ஒண்ணுதான் டாக்டர்” என்றாள் கோமதி ஆச்சி பொறுமையாக. “மத்தது அவளுக்குள்ளது.”

டாக்டர் மூச்சை இழுத்துக்கொண்டு ஆரம்பிக்கப் போனார். நான் இடையில் புகுந்தேன். ஒரு டாக்டர் பேச ஆரம்பிக்கும்போது குறுக்கே பேசுவது நம் வேலையில் வழக்கம் இல்லை. அன்றைக்குப் பேசினேன். அவர் திட்டினால் இரண்டு பேரும் அடுத்த முறை இன்னும் கவனமாக மறைப்பார்கள், அவ்வளவுதான் நடக்கும் என்று எனக்குத் தோன்றியது. சின்னவளுக்கு ஏன் மாத்திரை ஆகாது என்று தெரிந்துவிட்டது. பெரியவளுக்கு ஏன் பயிற்சி ஆகாது என்று இன்னும் தெரியவில்லை. அமாவாசை காரணம் இல்லை என்பது மட்டும் தெரியும்.

“ஆச்சி, நெசத்தைச் சொல்லுங்க. எடையைத் தூக்க ஏன் மாட்டேங்கிய?”

கோமதி ஆச்சி சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

“மைனஸ்னா இல்லைன்னுதான அர்த்தம்? கணக்குல மைனஸ் வந்தா கையில ஒண்ணும் இல்ல, இன்னும் கடன் வேற இருக்குன்னு அர்த்தம். எனக்கு மைனஸ் மூணுன்னு எழுதியிருக்கு. எனக்கு எலும்பே இல்ல போலன்னு நெனைச்சேன். ஏதோ தோலும் சதையுமா நிக்கேன். இதுல இரும்பைத் தூக்குனா அங்கன இங்கன மளமளன்னு போயிராதா?”

“அப்பம் ஏன் எல்லார்ட்டயும் பெருமையா சொன்னிய?” என்று கேட்டாள் இசக்கி ஆச்சி.

“பெறவு அழவா செய்ய முடியும்?”

டாக்டர் கண்ணாடியை எடுத்துத் துடைத்தார், மாட்டவில்லை. இசக்கி ஆச்சி அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள். இத்தனை நாளும் அவள் தன் பங்குக்கும் அக்காவின் பங்குக்கும் எடை தூக்கியது உடற்பயிற்சி ஆசையில் இல்லை. அக்காவின் எலும்பு உடைந்துவிடக் கூடாது என்றுதான். அக்காவும், தன் நெஞ்சு எரிந்தும் அந்த இரண்டாவது மாத்திரையை விடாமல் போட்டது, இவள் எலும்புக்கு மருந்து போய்ச் சேராமல் போய்விடக் கூடாது என்றுதான். அத்தனை அன்பும் மருந்தியலுக்குக் கொஞ்சமும் ஒத்துவரவில்லை.

டாக்டர் குரலைத் தணித்துக்கொண்டு, மைனஸ் என்றால் இல்லை என்று அர்த்தமில்லை, இளம் பெண்ணின் எலும்போடு ஒப்பிட்டு எவ்வளவு குறைவு என்பதுதான் என்று சொன்னார். ஆச்சி முகத்தில் ஒன்றும் மாறவில்லை. நான் கடைப் பேச்சில் சொல்லிப் பார்த்தேன்.

“சிப்ஸ் டின்னுன்னு வச்சுக்கிடுங்க. சின்ன வயசுல டின்னு நெறஞ்சு இருந்தது. இப்பம் கொறஞ்சிருக்கு. காலி இல்ல. அடியில ஒரு ஓட்டை, அது வழியாக் கொட்டிக்கிட்டே இருக்கு. மருந்து அந்த ஓட்டையை அடைக்கும். ஆனா மருந்து மட்டும் போட்டா, விழாம இருக்கக் காலுக்குப் பலம் வராது. எடையைத் தூக்குனாத்தான் சதைக்குப் பலம் வரும், எலும்புக்கும் ‘நமக்கு இன்னும் வேலை இருக்கு’ன்னு தெரியும். எக்சசைஸ் மட்டும் பண்ணுனா ஓட்டை வழியாப் போறது போயிக்கிட்டே இருக்கும்.”

கோமதி ஆச்சி யோசித்தாள். “அப்பம், இவ டின்னு ஓட்டைக்கு என் டின்னுல அடைச்சா ஆவாது.”

“ஆவாது.”

“இதை மொதல்லயே டின்னுன்னு சொல்லிருக்கலாம்லா?”

டாக்டர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பேனாவைத் திறந்தார்.

டாக்டர் மாத்திரையை நிறுத்தினார். புண் ஆறட்டும் என்று காத்திருந்து, ரத்தத்தில் பார்க்க வேண்டியதைப் பார்த்து, இரண்டு பேருக்கும் வருடத்துக்கு ஒரு முறை நரம்பு வழியாக ஏற்றும் மருந்தை எழுதினார். விழுங்கவும் வேண்டாம், நிமிர்ந்து உட்காரவும் வேண்டாம். முக்கியமாக, ஒருத்தியின் கையில் ஏற்றுவதை இன்னொருத்தி வாங்கிக்கொள்ள முடியாது. பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் படுக்க வைத்து ஏற்றினோம். “ரெண்டு பேருக்கும் சேத்துப் பெரிய பாட்டிலா ஒண்ணு வாங்கினா வெலை கொறையாதா?” என்று இசக்கி ஆச்சி கேட்டபோது நர்ஸ் என்னைப் பார்த்தாள், நான் ஜன்னலைப் பார்த்தேன். மறுநாள் இரண்டு பேருக்கும் காய்ச்சலும் உடம்புவலியும். அந்த மருந்துக்கு அது வழக்கம்தான், முன்னாலேயே சொல்லியிருந்தோம். யாருக்குக் காய்ச்சல் அதிகம் என்பதில் அவர்களுக்குள் இன்று வரைக்கும் முடிவு ஏற்படவில்லை.

மீதி இருந்தது கோமதி ஆச்சியின் பயம். பயத்துக்கு நரம்பு வழியாக ஏற்ற மருந்து கிடையாது. சீசன் முடிந்து கூட்டம் குறைந்த ஒரு மத்தியானம், கடைக்குப் பின்னால் இருந்த அறையில் ஆரம்பித்தோம். முதலில் இசக்கி ஆச்சியை வெளியே அனுப்ப வேண்டி இருந்தது. அக்கா எடையைத் தூக்கினால் அடியில் தன் கையையும் கொடுத்துவிடுகிறாள். “நீங்க பிடிச்சா உங்க எலும்புக்குத்தான் சேரும்” என்று சொல்லி விரட்டினேன்.

அரைக் கிலோ படிக்கல்லைத் துணிப்பையில் போட்டுக் கொடுத்தேன். கோமதி ஆச்சி கண்ணை இறுக்க மூடிக்கொண்டாள். உதடு ஏதோ சாமி பேரைச் சொன்னது. கை மெல்ல மேலே போனது. தோள் உயரம் வந்தது.

“மடக்” என்று ஒரு சத்தம்.

“ஒடிஞ்சிட்டு!” என்று அலறினாள் கோமதி ஆச்சி. “ஏட்டி இசக்கி, ஓடியா! ஒடிஞ்சிட்டு!”

இசக்கி ஆச்சி கதவுக்குப் பின்னாலேயே நின்றிருந்தாள். வாயில் பாதி சிப்ஸ், கையில் மீதி. மெல்லவும் முடியாமல், துப்பவும் முடியாமல், “சிப்ஸு, அக்கா” என்றாள்.

கோமதி ஆச்சி கண்ணைத் திறந்து தன் கையைப் பார்த்தாள். கை இன்னும் மேலேயே இருந்தது. பையும் அதில் இருந்தது. அவ்வளவு அலறியும் அவள் அதைக் கீழே போடவில்லை. முதலில் நான் சிரித்தேன். பிறகு அவள் சிரித்தாள். சிரிக்கும்போது வயிறு குலுங்குகிறதே, அதற்கும் எலும்பு உடையவில்லை என்று அவளே கண்டுபிடித்த மாதிரி இருந்தது. அடுத்து ஒரு கிலோ கேட்டாள். இன்றைக்கு வேண்டாம் என்று நான்தான் தடுத்தேன்.

அதன் பிறகு அவள் வேகத்துக்கு என்னால் ஈடு கொடுக்க முடியவில்லை என்று சொன்னால் அது பொய். மெதுவாகத்தான் போனது. கையை ஊன்றாமல் எழுந்திருக்கவே மழைக்காலம் வந்துவிட்டது. நடுவில் முட்டி வலித்தது, ஒரு கல்யாணம் வந்தது, பேரன் பிறந்தான், எல்லாவற்றுக்கும் பயிற்சி நின்றது, மறுபடி ஆரம்பித்தது. எடையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினோம். வாடிக்கையாளர்கள் பார்க்கிறார்கள் என்ற கூச்சம் போய், பார்க்கிறவர்களையே எழுந்து உட்காரச் சொல்லும் அளவுக்கு வந்தாள். செங்கோட்டையில் இருந்து காய் இறக்க வரும் லாரிக்காரர் ஒருவர் அந்த வழியாக வரவே பயந்தார்.

உங்களுக்கு நான் சொல்ல வந்தது இதுதான். மருந்தும் பயிற்சியும் சேர்ந்துதான் வேலை செய்யும் என்பது நமக்குப் பாடம். கேட்கிறவர்களுக்கு அது வெறும் இரண்டு வேலை. எதை விடலாம், எதை அடுத்தவர் தலையில் கட்டலாம் என்று அவர்கள் ஒரு வழி கண்டுபிடிப்பார்கள். அந்த வழிக்குப் பின்னால் எப்போதும் ஒரு காரணம் இருக்கும். அது நீங்கள் நினைக்கிற காரணமாக இருக்காது. ஒருவர் தலையாட்டினால் அதைப் பதிலாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் சொன்னதை அவரைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். படுத்துக்கொண்டால் மாத்திரை முதுகுக்குப் பரவும் என்பது அப்போதுதான் வெளியே வரும்.

நான் ஓய்வு பெற்ற பிறகு வந்த அடுத்த சீசனில் ஒருநாள் இசக்கி ஆச்சி போன் செய்தாள். பின்னால் அருவிக் கூட்டத்தின் இரைச்சல். அவளுக்கு மூச்சு வாங்கியது.

“டீச்சரம்மா, அக்கா...”

“என்ன ஆச்சு? விழுந்துட்டாங்களா?”

“விழல டீச்சரம்மா! அதைச் சொல்லத்தான் பண்ணுதேன். குளிச்சிட்டு வந்தவங்க தரையெல்லாம் தண்ணியாக்கிட்டாங்க. அக்கா தட்டை எடுத்துக்கிட்டு வரும்போது சர்ருன்னு காலு வழுக்கிட்டு. போச்சுன்னு நெனைச்சேன். மத்தக் காலை எட்டி ஊணி நின்னுட்டாவ. தட்டுல ஒரு சிப்ஸு கீழ விழல!”

அவள் அழுதுகொண்டிருந்தாள். வேலையில் இருந்த காலமெல்லாம் யாராவது விழுந்துவிட்டார்கள் என்றுதான் எனக்குப் போன் வந்திருக்கிறது. ஒருவர் விழவில்லை என்று சொல்வதற்காக வந்த போன் அது ஒன்றுதான். நம் வேலை சரியாக நடந்தால் எதுவும் நடக்காது. நடக்காத ஒன்றை யாரும் கூப்பிட்டுச் சொல்வதில்லை.

போனை யாரோ பிடுங்கும் சத்தம் கேட்டது.

“விழாததுக்கெல்லாமா ஒருத்தி போன் பண்ணுவா?” என்றது கோமதி ஆச்சியின் குரல். “இவ சும்மா கெடந்து அழுதா. நல்லாருக்கியளா டீச்சரம்மா? சரி, கடையில கூட்டம் நிக்கி. வைக்கேன்.”

வைத்துவிட்டாள்.